ஃபாயில் மேல் உடம்பு கோணுகிறதா? முதலில் முன்காலைப் பாருங்கள்

ஃபாயில் சர்ஃபிங் (அடியில் ஒரு கம்பமும் அதன் நுனியில் இறக்கைகளும் பொருத்திய போர்டில், தண்ணீருக்கு மேலே எழும்பி அலையில் ஓடுவது) பழக வருபவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை, "எனக்கு பேலன்ஸே இல்லை" என்பது. சொல்பவர்களில் பலர் சாதாரண சர்ஃப் போர்டில் நன்றாக நிற்பவர்கள். பேலன்ஸ் எங்கேயும் போய்விடவில்லை. கால் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான். கால் தப்பி விழுந்ததை உடம்பு எப்படியாவது ஈடுகட்டப் பார்க்கும். இடுப்பு மடங்கும், ஒரு கை மேலே எகிறும், தலை குனியும். இதைப் பார்த்துவிட்டு, "நிமிர்ந்து நில், கையை இறக்கு, இடுப்பை உள்ளே இழு" என்று கரையிலிருந்து கத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதத்தைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால், மேலே தெரியும் கோணலில் பெரும்பகுதி சொல்லாமலே போய்விடும். அதனால் நான் எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் திருத்துவேன்.

சர்ஃப் போர்டு தண்ணீர்மேல் பரந்து கிடப்பது. கால் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஃபாயிலில் போர்டு எழும்பிவிட்டால் உங்களைத் தாங்குவது மாஸ்ட் என்கிற அந்தக் கம்பத்தின் அடியில், போர்டுக்கு 70, 80 செ.மீ. கீழே இருக்கும் இறக்கைகள்தான். தூக்குவது முன் இறக்கை. பின் இறக்கை பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்தி, போர்டின் மூக்கு (முன்முனை) கவிழாமல் பார்த்துக்கொள்ளும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது வேகம் 20 சதவீதம் கூடினால், அதே கோணத்தில் விசை 44 சதவீதம் கூடுகிறது. அலை உங்களைத் தள்ளிவிடும் அந்த நொடியில் ஃபாயில் 'விசுக்'கென்று மேலே கிளம்புவது இதனால்தான். அப்போது அதை அடக்கி வைக்க எடை முன்காலில் இருக்க வேண்டும். ஆனால் சர்ஃப் பழகியவர்களுக்குப் பின்கால்தான் எல்லாம். அவசரம் என்றால் உடம்பு பின்காலில்தான் போய் உட்காரும். மோதல் இங்கேதான் தொடங்குகிறது.

2000களின் தொடக்கத்தில் பெரிய அலை சர்ஃபர் லேர்ட் ஹாமில்டன் குழுவினர் பெரிய அலைகளில் ஃபாயில் ஓட்டியபோது, ஸ்னோபோர்டு பூட்ஸைப் போர்டில் பொருத்தி அதற்குள் காலை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கால் எங்கே விழும் என்ற கவலையே கிடையாது. நாம் வெறுங்காலோடு, கால் பட்டை எதுவும் இல்லாமல், ஒவ்வொரு பாப்-அப்பிலும் (படுத்த நிலையிலிருந்து துள்ளி எழுந்து நிற்பது) புதிதாக இடம் தேடுகிறோம். ஆகவே தேடுகிற வேலையைக் கரையிலேயே முடித்துவிடுவது நல்லது.

தண்ணீரில் இறங்குமுன் இரண்டு குறி

போர்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, அடியில் மாஸ்ட்டின் முன்விளிம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நேர்மேலே, போர்டின் மேற்பரப்பில் குறுக்காக ஒரு டேப் ஒட்டுங்கள். அடுத்து மூக்கிலிருந்து வால்வரை நடுக்கோடு ஒன்று. பேடில் (கால் வழுக்காமலிருக்கப் போர்டின் மேல் ஒட்டிய விரிப்பு) ஏற்கெனவே நடுக்கோடு இருந்தாலும், பட்டை எழுத்து மார்க்கரால் அதன்மேல் இழுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில், அலை வரும் பதற்றத்தில், நுணுக்கமான கோடு கண்ணில் படாது.

பின்கால் அந்தக் குறுக்கு டேப்பின் மேல், அல்லது அதற்கு ஒரு விரல் முன்னால். முன்கால் அங்கிருந்து தோள் அகலத்தில். இரண்டு பாதத்தின் நடுவளைவும் நடுக்கோட்டின் மேல் உட்கார வேண்டும். குதிகால் ஒரு பக்கம், விரல் மேடு (விரல்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சதைப்பகுதி) மறுபக்கம், கோடு நடுவில். தொடங்குவதற்கு இது போதும். உங்கள் உயரம், எடை, இறக்கையின் அளவு எல்லாம் பார்த்துப் பிறகு கொஞ்சம் மாறும்.

பாதத்தின் கோணத்தைப் பற்றிப் பலர் அடித்துச் சொல்வார்கள். முன்கால் விரல்கள் நடுக்கோட்டிலிருந்து 30 முதல் 45 டிகிரி திரும்பி, மூக்கை ஓரளவு பார்த்தபடி இருக்கட்டும் என்பேன். பின்கால் ஏறக்குறைய குறுக்காக, விரல் சற்றே முன்னோக்கி. இதில் உங்கள் முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முன்முழங்காலை மடக்கும்போது அது இரண்டாவது விரலுக்கு நேராகப் போனால் கோணம் சரி. உள்பக்கம் சரிந்தால் பாதத்தை இன்னும் கொஞ்சம் முன்னோக்கித் திருப்புங்கள். எனக்கு இடுப்பு மூட்டு இறுக்கம். 45 டிகிரியில் வைத்தால் முழங்கால் உள்ளே இழுக்கும். நான் 30-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன், என் மாணவர் ஒருவர் ஏறக்குறைய குறுக்காகவே நின்று என்னைவிட அழகாக ஓட்டுகிறார்.

சரி, குறி போட்டாயிற்று. இப்போது ஃபாயிலைக் கழற்றிவிட்டு, போர்டை மட்டும் மணலிலோ பாயிலோ வையுங்கள். மேற்பரப்பு காய்ந்திருக்கட்டும், உங்கள் கால் மட்டும் நனைந்திருக்கட்டும். குப்புறப் படுத்து, பார்வையை நேரே முன்னால் வைத்து, ஒரு பாப்-அப். எழுந்து நின்றதும் அப்படியே உறைந்து நில்லுங்கள். காலை நகர்த்தித் திருத்தக் கூடாது, அதுதான் இதில் கஷ்டம். மூச்சு ஒன்று இழுத்துவிட்டு மெல்ல இறங்கிப் பேடைப் பாருங்கள்.

ஈரத் தடம் எல்லாவற்றையும் சொல்லும். நடுக்கோடு தடத்தை எங்கே வெட்டுகிறது? வளைவில் வெட்டினால் நல்லது. விரல் மேட்டுக்கு அருகே வெட்டினால் பாதம் முழுவதும் குதிகால் பக்கம் தங்கிவிட்டது என்று பொருள். அப்புறம் தடத்தின் ஈரத்தையும் பாருங்கள். குதிகால் வட்டம் அழுத்தமாக, ஐந்து விரலும் மங்கலாக இருந்தால் எடை குதிகாலில் விழுந்திருக்கிறது. விரல் நுனிகள் ஐந்தும் தனித்தனிப் புள்ளியாகக் குத்தி இறங்கியிருந்தால், விரல்களால் பேடைப் பிறாண்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். தடம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால், அது தவறான இடமாக இருந்தாலும் நல்ல செய்தி, திருத்திவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் கையைக் கவனியுங்கள். உள்ளங்கைகள் கீழ்விலா எலும்புக்குப் பக்கத்தில், இரண்டும் ஒரே வரிசையில், பேடின் மேல் தட்டையாக ஊன்ற வேண்டும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் உடம்பு முறுக்கிக்கொண்டே எழும், காலும் அதன் போக்கில் போகும்.

முன்கால் ஏன் பெரும்பாலும் குதிகால் பக்கமே தங்கிவிடுகிறது? குப்புறப் படுத்திருக்கும்போது அந்தக் கால் இருப்பதே அந்தப் பக்கத்தில்தான். ரெகுலராக (இடதுகாலை முன்வைத்து) நிற்பவருக்கு இடதுகால், கூஃபியாக (வலதுகாலை முன்வைத்து) நிற்பவருக்கு வலதுகால். அது நெஞ்சுக்கு அடியில் நடுக்கோடுவரை வந்து சேர வேண்டும். அவசரப்பட்டால் பாதி வழியில் இறங்கிவிடும். இடுப்பை இன்னும் இரண்டு விரல் உயர்த்தி, காலுக்கு வழி விடுங்கள்.

உடம்பைப் பார்த்துக் காலைக் கண்டுபிடிப்பது

இனி தண்ணீரில். என் அனுபவத்தில் நான்கு உருவங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, இடுப்பில் மடங்கிய உருவம். பின்புறம் குதிகால் பக்கம் துருத்திக்கொண்டும், நெஞ்சு விரல் பக்கம் கவிழ்ந்தும் இருக்கும். பார்ப்பவர்கள் "முழங்காலை மடக்கு, இடுப்பை மடக்காதே" என்பார்கள். அவர் வேண்டுமென்று மடக்கவில்லை. முன்கால் குதிகால் பக்கம் விழுந்துவிட்டது, போர்டு அந்தப் பக்கம் சாய்கிறது. சாய்வைச் சமன்செய்ய நெஞ்சை எதிர்ப்பக்கம் தொங்கவிடுகிறார். பாதத்தை ஒன்றரை செ.மீ. விரல் பக்கம் நகர்த்தினால் நெஞ்சு தானே எழும்பும். இதுவரை நான் பார்த்த கோணல்களில் இதுதான் மிக அதிகம்.

இரண்டாவது, இதற்கு எதிர். கம்பம்போல விறைத்து, முழங்கால் நீட்டி, தோள் குதிகால் பக்கம் சாய்ந்து நிற்பவர். முன்கால் விரல் பக்கம் அதிகம் போய்விட்டது. கெண்டைக்கால் கடுக்கிறது என்று சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது உருவத்தில் நெஞ்சு முன்முழங்காலைத் தாண்டி மூக்கை நோக்கி நீண்டிருக்கும். பின்கால் நேராக விறைத்திருக்கும். இரண்டு பாதமும் பின்னால் விழுந்ததால் ஃபாயில் மேலே மேலே ஏறப் பார்க்கிறது, அவர் தலையின் எடையை வைத்து மூக்கை அமுக்குகிறார். கொஞ்ச நேரம் ஓடும். சின்னக் குலுக்கல் வந்து நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தால், முன் இறக்கை தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். காற்று புகுந்து தூக்குவிசை அற்றுப்போக, போர்டு மூக்கோடு விழும். பின்காலை டேப்பின் முன்விளிம்புக்குக் கொண்டுவாருங்கள், முன்காலையும் அதே அளவு.

நான்காவது, நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பு பின்னால் போய், பின்முழங்கால் ஆழமாக மடங்கியவர். இதைப் பார்த்ததும் "பின்கால் எடை அதிகம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். பாதி நேரம் அது தவறு. கால்கள் முன்னால் அதிகம் போய்விட்டதால், மூக்கு தண்ணீரில் குத்தாமலிருக்கப் பின்னால் உட்காருகிறார். போர்டு திரும்பத் திரும்பத் தண்ணீரைத் தொட்டால் காரணம் இது. தொடாமல் மேலே எகிறிக்கொண்டே இருந்தால், அப்போதுதான் அது பழைய சர்ஃப் பழக்கம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், மருந்து நேரெதிர். ஆளைப் பார்க்காமல் போர்டின் மூக்கைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கால் அகலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மிக அகலமாக நின்றால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், எடையை முன்பின் மாற்ற முடியாது, பம்ப் செய்யவே (முழங்காலை மடக்கி நீட்டி ஃபாயிலை ஓட வைக்கவே) வராது. மிகக் குறுக்கினால் மூக்கின் ஏற்ற இறக்கம் கைமீறும். தோள் அகலத்திலேயே இருங்கள்.

ஓடும்போதே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முன்கால் விரல்களைப் பேடிலிருந்து சற்றே தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆட்ட முடிந்தால் எடை பாதம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆட்டினால் விழுந்துவிடுவோம் என்று தோன்றினால் விரல்களால்தான் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள், பாதம் இடம் தப்பியிருக்கிறது.

விழுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட்டும் இம்பாக்ட் வெஸ்ட்டும் (அடி தாங்கும் மேலங்கி) இல்லாமல் இதில் எதையும் செய்து பார்க்க வேண்டாம். நெஞ்சளவுக்குக் குறைந்த தண்ணீரில் ஃபாயில் வேண்டாம், குளிப்பவர்கள் பக்கத்திலும் வேண்டாம். கை மீறிவிட்டது என்று தெரிந்ததும் போராடாமல் போர்டைத் தள்ளிவிட்டுப் பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது கை தலையை மூடியிருக்கட்டும்.

மாஸ்ட்டை எப்போது தொடலாம்

கால் சரியான இடத்தில் விழுகிறது, தடமும் சொல்கிறது, ஆனாலும் உடம்பு கோணுகிறது என்றால் மட்டும் ஸ்பேனரை எடுங்கள். மாஸ்ட்டை முன்னால் நகர்த்தினால் தூக்கும் புள்ளி முன்னால் போகும், முன்காலை அதிகம் அழுத்த வேண்டிவரும். பின்னால் நகர்த்தினால் அழுத்தம் குறையும். எது தேவை என்று தொடையே சொல்லிவிடும். முன்கால் தொடை ஓரளவு களைப்பது இயல்பு. ஒரே ஓட்டத்தில் எரிய ஆரம்பித்தால் மாஸ்ட்டைப் பின்னால் தள்ளுங்கள். பின்கால் தொடை எரிந்தால், அல்லது போர்டை எழுப்பவே பின்காலால் மிதிக்க வேண்டியிருந்தால், முன்னால். ஒரு தடவைக்கு 1 செ.மீ., அதற்குமேல் வேண்டாம். மாஸ்ட்டை நகர்த்தினால் குறுக்கு டேப்பையும் உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும், இதை மறப்பவர்கள் ஏராளம்.

பின் இறக்கைக்கு அடியில் ஷிம் (மெல்லிய ஆப்பு) வைத்துக் கோணம் மாற்றுவதும் இதே வேலையைத்தான் செய்யும். அரை டிகிரியே நன்றாகத் தெரியும். ஆனால் மாஸ்ட், ஷிம், கால் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "இப்போது நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், எதனால் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு ஒன்று.

பறக்கும்போது காலை நகர்த்துவது

பின்காலை நகர்த்துவது எளிது, அதில் எடை குறைவு. முன்கால் அப்படியல்ல, உங்கள் எடையில் பாதிக்கு மேல் அதன்மேல்தான் நிற்கிறது. அதனால் பாப்-அப்பில் முன்காலைச் சரியாக இறக்குவதற்கே முழுக் கவனம். பின்கால் தப்பிவிழுந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நகர்த்த வேண்டுமென்றால் பாதத்தைத் தூக்கக் கூடாது. மாஸ்ட்டின் பாதி உயரத்தில் ஃபாயில் அமைதியாக ஓடும் நேரமாகப் பாருங்கள். முழங்காலை மெல்ல இறக்கி, எழும்போது உடம்பு ஒரு கணம் இலேசாகும். அந்தக் கணத்தில் விரல் மேட்டை ஊன்றிக் குதிகாலைத் திருப்புங்கள். அடுத்த தடவை குதிகாலை ஊன்றி விரல்களை. இப்படிப் புழுபோல ஊர்ந்து இரண்டு செ.மீ. போய்விடலாம். முன்காலையே நகர்த்தியாக வேண்டும் என்றால், போர்டு தண்ணீரைத் தொடும்வரை ஃபாயிலை இறக்கிவிடுங்கள். தொட்டிருக்கும் அந்த ஒரு நொடியில் போர்டு சாதாரணப் போர்டாகிவிடும். காலை மாற்றிக்கொண்டு மறுபடி எழுப்பலாம்.

மிச்சம்: கை, கண், தோள்

கால் சரியான பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் கோணல்கள் சில உண்டு. அதில் முதலிடம் பின்கைக்கு. சர்ஃபில் பின்கை பின்னால் அலைவது வழக்கம். ஃபாயிலில் அது பின்னால் போனால் தோளும் கூடவே திறந்து, எடையைப் பின்காலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு கையும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், அது போதும். தொப்புள் ஓரளவு போர்டின் மூக்கைப் பார்க்கட்டும், முன்கால் கோணம் சரியாக இருந்தால் அது தானாக வந்துவிடும். பார்வை மூக்கில் அல்ல, போகவேண்டிய இடத்தில்.

திரும்பும்போது இன்னொரு பழக்கம் தலைகாட்டும், போர்டின் விளிம்பை மிதித்துச் சாய்ப்பது. உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பின் தலை ஒரு பக்கம் சாய்ந்தால் கை அந்தப் பக்கமே போய் அடியில் நிற்கும். ஃபாயிலும் அப்படித்தான் உங்களுக்கு அடியில் வந்து நிற்க வேண்டும். சின்னத் திருப்பத்துக்குக் கணுக்கால் மட்டும். பெரிய திருப்பத்துக்குக் கணுக்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாகச் சாயுங்கள், நடுவில் இடுப்பு ஒடியாமல். ஒடிந்தால் மறுபடி பாதத்தைப் போய்ப் பாருங்கள், குதிகால் பக்கம் தங்கியிருக்கும்.

வீடியோ எடுக்கச் சொல்லும்போது எல்லோரும் விழும் காட்சியைத்தான் ஆசையாகப் பார்க்கிறார்கள். எனக்கு வேண்டியது அதற்கு ஒரு நொடி முந்தையது. கரையில் இருப்பவர் ஃபோனைத் தாழப் பிடித்துப் பக்கவாட்டில் எடுக்கட்டும். பாதம் இறங்கும் கணம், போர்டு முதன்முதலில் எழும் கணம், விழுவதற்கு ஒரு நொடி முன், இந்த மூன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். முதல் படத்தில் காலும் மூன்றாவதில் உடம்பும் ஒரே கதையைத்தான் சொல்லும்.

காய் லென்னி போன்ற தேர்ந்த ஃபாயில் வீரர்களின் வீடியோவைக் காட்டி, "அவர் இவ்வளவு நிமிர்ந்து, கால் இப்படி வைத்து நிற்கிறாரே" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் வேகம் வேறு, இறக்கை வேறு. 1,500 சதுர செ.மீ. போன்ற பெரிய இறக்கையில் மெதுவாகப் பழகும் நமக்கு அந்த நிலை பொருந்தாது. பார்த்து ரசிக்கலாம்.

கால் பட்டை பொருத்திக்கொள்ள ஆசைப்பட்டால் கொஞ்சம் பொறுங்கள். டேப்பைப் பார்க்காமலே காலைச் சரியான இடத்தில் இறக்க வந்த பிறகு, அந்த இடத்தில் பட்டையைப் போடுங்கள். முன்பே போட்டால் தப்பான இடத்தில் காலைப் பூட்டிவைத்தது போலாகிவிடும். முன் இறக்கையை மாற்றினால் பழைய குறிகள் எதுவும் செல்லாது. மாஸ்ட் நின்ற அளவையும் இறக்கையின் பெயரையும் பழைய டேப்பிலேயே எழுதி, போர்டின் அடியில் ஒட்டி வையுங்கள். புதிய இறக்கைக்குப் பின்காலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.